கடை என்று சொல்லக் கூசுபவர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. நம்மைப் போலவே பேருந்தில் தொங்கும், உப்பும் சோப்பும் காசு கொடுத்துத்தான் வாங்கும். ஆனால் 'கடை' என்ற சொல் மட்டும் அதன் வாயில் நுழையாது. முடி வெட்டும் இடம் அதற்கு ஹேர் லவுஞ்ச், ரொட்டி விற்கும் இடம் பேக் ஹவுஸ், தெருமுனையில் நாலு தட்டில் கத்தரிக்காயைக் குவித்து வைத்திருப்பவரைக்கூட ஆர்கானிக் ஸ்டோராக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பக்கத்து வீட்டில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சொந்தக் கொழுந்தனாகவே வாய்த்துவிட்டால்?

தையல்கார அண்ணிக்கு அப்படித்தான் வாய்த்தது.

பதினோரு வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே தைத்தவள் அவள். தன் காலர் எந்தச் சட்டையில் போய் உட்கார்ந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த ஆத்திரத்தில் வேலையை உதறிவிட்டு, ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை பிடித்து, தானே வெட்டி, தானே தைத்த சட்டைகளையும் பாவாடைகளையும் வரிசையாகத் தொங்கவிட்டாள். வாசலுக்கு ஒரு பலகைதான் பாக்கி. அப்போதுதான் கொழுந்தனார் வந்து சேர்ந்தார்.

"என்ன எழுதப் போறீங்க அண்ணி?"

"துணிக்கடைன்னு."

கொழுந்தனார் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "கடையா! யாராவது மதிப்பாங்களா? பொட்டீக்னு போடுங்க. சொல்லும்போதே வாய் நிறையுது பாருங்க."

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நாலு இடம் போய் வருபவர், அவருக்குத் தெரியாததா? அண்ணி தலையாட்டினாள். பொட்டீக் ஏறியது. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த தபால்காரர் அதைப் பெட்டிக்கடை என்று படித்துவிட்டு, "ஒரு தீப்பெட்டி குடும்மா" என்று கை நீட்டினார்.

கொழுந்தனார் அசருவாரா? "இவங்களுக்கு ரசனை பத்தல. ஸ்டூடியோன்னு மாத்துவோம்." மாற்றிய மறுநாளே ஒரு குடும்பம் தலை சீவி, குழந்தைக்கு அரை டப்பா பவுடரை அப்பிக்கொண்டு போட்டோ எடுக்க வந்து நின்றது. அடுத்தது கேலரி. இப்போது வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாவாடைக்கு முன்னாலும் மௌனமாக நின்று, ரசித்து, நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார்கள். ஒருவரும் தொடவில்லை. தொடாத துணியை யார் வாங்குவார்?

இப்படியே நாலு மாதம். அண்ணி ஒரு நாள் பழைய மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமை வந்துடுங்க, காலர் மெஷின் காலியாத்தான் இருக்கு" என்றார் அவர். வேலை கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா? அவள் அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கொழுந்தனாருக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு. பேருந்திலிருந்து குதித்து இறங்கினார். காற்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. கையிலிருந்த ஃபைலைப் பின்னால் கொடுத்து மறைத்தபடி, நண்டு மாதிரி சுவரோரமாகவே நகர்ந்து வந்தவர், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அண்ணி! அண்ணி! கடை தொறந்திருக்கா?"

அண்ணி வாசலுக்கு வந்தாள். பலகையை நிதானமாக அண்ணாந்து பார்த்தாள். "கடையா? இது கேலரி தம்பி. நின்னு பாத்துட்டுப் போங்க."

"கால்ல விழறேன் அண்ணி!"

"குனியாதீங்க. மிச்சமும் கிழிஞ்சிடும்."

கொழுந்தனார் ஒரு பூப்போட்ட பாவாடையைச் சுற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்க, தையல் இயந்திரம் ஓடியது. ஓட்டத்தோடு ஓட்டமாக அவள் சொன்னாள்: "திங்கக்கிழமையிலேருந்து பழைய வேலைக்கே போறேன்."

திரையை விலக்கித் தலையை மட்டும் வெளியே நீட்டினார் கொழுந்தனார். "என்னாலயா அண்ணி?"

"பாதி உங்களால. தலையாட்டினது நான்தானே, மீதி என்னால."

காற்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டவர் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றி இறக்கிவிட்டுத்தான் போனார். நேர்முகத் தேர்வுக்குப் பத்து நிமிடத் தாமதம். அண்ணி ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் 'துணிக்கடை' என்று எழுதி ஆணியில் மாட்டினாள்.

மதியத்துக்குள் எதிர்வரிசைப் பூட்டுக்காரரின் மனைவி உள்ளே வந்து, ஒரு சட்டையைத் தொட்டு, கசக்கி, தோளில் வைத்துப் பார்த்தாள். "நமக்கு எதிர்லயே துணிக்கடையா! எப்பங்க தொறந்தீங்க?"

"இன்னைக்குத்தான்" என்றாள் அண்ணி. திங்கட்கிழமை அவள் எங்கும் போகவில்லை.

பதவி உயர்வு பெற்ற கொழுந்தனார் திருந்தினாரா? அதெல்லாம் இல்லை. காற்சட்டைத் தையலை யாராவது பாராட்டினால், "நமக்குன்னு ஒரு டிசைனர் இருக்காங்க" என்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் போட்டிருக்கும் சட்டை அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள்? 'கடையில்' என்று சட்டென்று வந்துவிட்டதென்றால் பிழைத்தீர்கள். 'அது வந்து, அந்த...' என்று தொண்டையைச் செருமினீர்களானால், மன்னிக்க வேண்டும், இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.