மூளைப்பட்டை கட்டிப் பெண் பார்த்த கதை

ஒரு காட்டில் மாடசாமி என்றொரு கரடி இருந்தார். அவர் மகள் கோமளத்தைப் பெண் பார்க்க ஐந்து வீட்டார் வந்தார்கள். ஐந்து வீட்டாரும் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். இன்றுவரை ஒருவரும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"அவங்க மனசுல என்ன இருக்குன்னு இங்கயே தெரிஞ்சா தேவலைப்பா" என்று கோமளம் அழுதாள். கேட்கவே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு மூளைப்பட்டை விற்க வந்தது. அதை நெற்றியில் கட்டினால் போதும். மூளையில் ஓடும் அலைகளைப் படித்து, நினைத்ததை வீட்டுச் சாமான்களே செய்துவிடும். மாடசாமி ஒரு டஜன் வாங்கிப்போட்டார்.

ஆறாவது வீட்டார் வந்தார்கள். மாடசாமி பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, ஆளுக்கொரு பட்டையும் கட்டிவிட்டார். வந்தவர்கள் இதுவும் ஒரு மரியாதை என்று நினைத்துத் தலையைக் காட்டினார்கள். பெண் வீட்டாரும் கட்டிக்கொண்டார்கள்.

"கேசரி எடுத்துக்குங்கம்மா" என்று மாடசாமி உபசரித்தார்.

"ஐயோ, வேண்டாங்க. இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பலகார வண்டி விறுவிறுவென்று உருண்டு வந்து அவள் முழங்காலில் முட்டியது. மூன்று தட்டு காலியானது.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்றார் மாடசாமி. ஃபிரிட்ஜ் படக்கென்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

அம்மாள் பட்டையைப் பிய்த்தெறிந்து எழுந்தாள். "நாங்க ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்!"

கோமளம் வாசற்கதவைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க. பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று மாடசாமி கெஞ்சினார்.

"அம்மா சொன்னா சரிங்க" என்று மாப்பிள்ளை தணிகாசலம் தரையைப் பார்த்தார். கூடத்து ரேடியோ தானாகக் கெட்டிமேளம் கொட்டியது. விளக்குகளெல்லாம் எரிந்தன. அடுக்களையில் மிக்ஸி வெறுமனே சுற்றியது.

கோமளம் முறைப்படி தலைகுனிந்து நின்றாள். வாசற்கதவு மட்டும் தடாரென்று சாத்தித் தாழ் போட்டுக்கொண்டது. தட்டு மாற்றி முடிக்கும்வரை யார் இழுத்தும் அது திறக்கவில்லை.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. சீர்வரிசையோடு பட்டைகளும் போயின.

தனிக்குடித்தனத்தின் முதல் காலை. இருவர் நெற்றியிலும் பட்டை. கோமளம் உப்புமா பரிமாறினாள். "எப்படி இருக்குங்க?"

"பிரமாதம்!" என்றார் தணிகாசலம். குப்பைத்தொட்டி உருண்டு வந்து அவர் பக்கத்தில் வாயைத் திறந்தது.

கோமளம் தொட்டியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷங்க" என்றாள். வாசற்கதவு அகலத் திறந்தது.

இருவரும் பட்டைகளைக் கழற்றி அதே தொட்டியில் போட்டு மூடினார்கள். உப்புமாவை அவர் இன்றும் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

நீதி: மனமொத்த தம்பதியாக வாழ விரும்புவோர், ஒருவர் மனதில் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்க.