ஒட்டுவாரொட்டி ஆடிய கோல்ஃப்

“நாளைக்கு நீரு வரண்டாம். நேத்து உம்மகூட ஆடினது இன்னும் எனக்க வலது தோளுக்குள்ள கெடக்கு. எறங்கினதும் சொல்லி அனுப்புகேன்.”

ஒரு கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதி, என் வீட்டுக் கதவிடுக்கில் செருகப்பட்டிருந்த குறிப்பு இது. தேதி கிடையாது. எதையும் தேதியோடு குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு இது பெரிய உபத்திரவம். முன்பக்கத்தில் இருந்த முகூர்த்தம் மாசி மாதம். ஓரத்தில் சிந்தியிருந்தது பிரதமன் பாயசம். ஆகவே கல்யாணச் சாப்பாடு முடிந்த பிறகு எழுதியது. அதிகம் போனால் பங்குனித் தொடக்கம். இப்படிக் கணித்துப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். பேனாவால் எழுதும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

எழுதியவர் ஒட்டுவாரொட்டி. குமரி மாவட்டத்தின் தலைசிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர் அவர்தான். இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுவேன். ஒரே நிபந்தனை, ஆடும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

தனியாக ஆடினால் அவர் அடிக்கும் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஒரு சுளவு, அதாவது ஒரு முறத்தின் அகலத்துக்குள் விழும். தென்னைக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒருநாள் நானே பார்த்தேன். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் மட்டையைத் தூக்கிவிட்டால் போதும், அந்த ஆளின் ஆட்டம் இவருக்கு ஒட்டிக்கொள்ளும். தோளைத் தூக்கி அடிப்பவரோடு ஆடினால் இவர் தோளும் தூக்கும். மண்ணை அடிப்பவரோடு ஆடினால் இவரும் மண்ணை அடிப்பார். தொற்றுநோயை அந்தக் காலத்தில் ஒட்டுவாரொட்டி என்பார்கள். அதையே ஊர் அவருக்குப் பெயராக வைத்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது; வேறெங்கும் இல்லை.

உடன் ஆடுபவரின் திறமை நம் ஆட்டத்தைக் கூட்டுமா, குறைக்குமா என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்திருக்கிறேன். கூட்டும் என்று சிலர், குறைக்கும் என்று சிலர், எல்லாம் மனப்பிரமை என்று சிலர். எழுதியவர்கள் யாரும் எங்கள் ஊரான பூதப்பாண்டிப் பக்கம் வந்தவர்களில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

பூதப்பாண்டியில் கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டோரில் அவர் பல வருடம் வேலை பார்த்தார். அங்கே புல் ஏது? பாலைவன மணலில்தான் ஆட்டம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் புல்விரிப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்களாம். ஊர் திரும்பியபோது, கம்பளியும் தைலமும் எதிர்பார்த்து நின்ற சொந்தக்காரர்கள் முன்னால் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு கட்டு இரும்புக் கம்புகள், நுனியில் வளைந்தவை. கூடவே அந்தப் புல்விரிப்பு. அவருடைய மைத்துனர் அதோடு பேச்சை நிறுத்தியவர், இன்றுவரை தொடங்கவில்லை.

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழுவதற்குள் வயல் சும்மா கிடக்கும் அல்லவா? அதுதான் எங்கள் மைதானம். தாள் நிற்கும் வயலில் ஐந்து இடத்தில் பாமாயில் டின்னைப் புதைத்தார். டின்னைச் சுற்றிக் களம் மெழுகுவதுபோல் சாணி மெழுகினார். பந்து அதன்மேல் பளிங்கில் உருள்வதுபோல் உருண்டது. இதுவரை உலகில் யாரும் சாணியில் கோல்ஃப் ஆடியதாக நான் படித்ததில்லை.

ஆட ஆள் வேண்டுமே. அகப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சாமுவேல் சார். சார் பந்தை அடிக்கும் முன் காற்றின் வேகம், வரப்பின் உயரம், பந்து பறக்க வேண்டிய கோணம் எல்லாவற்றையும் வாய்க்குள் முணுமுணுத்துக் கணக்குப் போடுவார். விடை சரியாக வந்ததும் மட்டையை வீசுவார். பந்து அங்கேயே இருக்கும்.

சாரோடு ஆடிய மறுநாள் சாயாக் கடையில் ஒட்டுவாரொட்டியைப் பார்த்தேன். கடைக்காரர் கேட்கிறார்:

“அண்ணாச்சி, சாயாவா, காப்பியா?”

இவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கிறார்.

“அண்ணாச்சி, பால் பொங்குது!”

“பொறும்வேய். சாமுவேல் சாரு இன்னும் உள்ள நிக்காரு. அவரு கணக்க முடிக்கட்டும்.”

எங்களோடு ஆடிவிட்டு நேராகப் போய்ப் பழையாற்றில் முங்குவார். எனக்கு ஒரு முங்கு. சாருக்கு இரண்டு. “வாத்தியாருக்க ஆட்டம் எண்ணெப் பிசுக்கு மாதிரியாக்கும். ஒரு முங்குல போவாது,” என்பார்.

நாளாக ஆக முன்னெச்சரிக்கைகள் கூடின. நாங்கள் அடிக்கும்போது எங்களைப் பார்க்காமல் தாடகை மலையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அடித்து முடித்ததும் நாங்கள் “ஆச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருநாள் சாரின் பந்து அதிசயமாகக் கிளம்பி நேரே வந்து இவரது பின்புறத்தில் பட்டது. துள்ளிக் குதித்தவர் கோபத்தோடு கேட்டார்:

“ஆச்சுன்னு சொல்லப்படாதா ஓய்?”

“கணக்குப்படி அது இந்தப் பக்கமே வரப்படாது,” என்றார் சார்.

அந்த வயலில் தாரா மேய்க்க ஒருவர் வருவார். ஒட்டுவாரொட்டியின் பந்து ஒருமுறை வாத்துக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. போய்ப் பார்த்தால் அது முட்டைக் கூடையில் இருக்கிறது.

“அது எனக்க பந்துல்லா?”

“எனக்க தாரா இட்டதாக்கும். மொத முட்டை. மொத முட்டை அப்படித்தான் சிறுசா இருக்கும்.”

“தட்டிப் பாரும்வேய், கல்லு மாதிரி இருக்கு!”

“நல்ல தீனி போடுகேன். தோடு கெட்டியாத்தான் இருக்கும்.”

வாதாடி முடியாமல், கடைசியில் அதை முட்டை விலைக்கே வாங்கி வந்தார். அன்று முழுக்க அவருடைய நடை கொஞ்சம் அகட்டியே இருந்தது என்று சார் சொல்கிறார். நான் கவனிக்கவில்லை.

இவ்வளவுக்கும் இடம் கொடுத்தவர் தாணு. வயல்காரர். தினமும் காலையில் சாயாவோடு வரப்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு பங்குனியில் சிரிக்காமல் எழுந்து வந்தார்.

“ஓய், சொல்லுகேன்னு விசாரப்படாதீரும். இந்த வருசத்தோட நெல்லு போதும். முழுக்க ஏத்தன் வாழை வைக்கப் போறேன்.”

ஒட்டுவாரொட்டியின் கையிலிருந்து மட்டை நழுவியது. வாழை வைத்தால் வருடம் முழுக்க வயல் நிறைந்து நிற்கும். அறுவடை, இடைவெளி, களம் எதுவும் இல்லை. சுற்றி இருந்த மற்ற வயல்களில் பாதி ஏற்கெனவே வாழை, மீதி வீட்டுமனை. இது போனால் அவருக்கு வேறு மைதானம் கிடையாது.

“தாணு, நீரு எனக்க உயிர எடுக்கீரு.”

“உயிர் வேண்டாம். ஒரு ஆட்டம் வையும். நீரும் நானும். நீரு ஜெயிச்சா அடுத்த வருசமும் நெல்லு. நான் ஜெயிச்சா வாழை.”

“நீரு மட்டைய கையால தொட்டது உண்டுமா?”

“இல்ல,” என்றார் தாணு. மீசைக்குள் ஒரு சிரிப்பு. “அதாக்கும் எனக்க பலம்.”

அப்போதுதான் எங்களுக்குச் சூழ்ச்சி புரிந்தது. ஆடவே தெரியாத ஆளோடு ஆடினால் ஒட்டுவாரொட்டிக்கு எது ஒட்டும்? ஆடத் தெரியாமை ஒட்டும். நல்ல ஆட்டக்காரர் யாரோடு மோதினாலும் இவர் பிழைத்துக்கொள்வார். தாணுவிடம் தப்ப வழியே இல்லை.

ஐந்து குழி. குறைந்த அடியில் பந்தைப் போடுகிறவருக்கு அந்தக் குழி. நடுவர் நான். ஊரில் பாதிப் பேர் வரப்பில். சாமுவேல் சார் ஒரு துண்டால் ஒட்டுவாரொட்டியின் கண்ணைக் கட்டினார். தாணு அடிக்கும்போது கட்டு. இவர் அடிக்கும்போது அவிழ்ப்பு. தாணு மட்டையை மம்பட்டி மாதிரி பிடித்து ஓங்கிப் போட்டார். மண் பறந்தது, தாள் பறந்தது, பந்து மட்டும் பறக்கவில்லை. “லேய், உழவு நடக்குடோ!” என்று வரப்பிலிருந்து யாரோ கத்தினார்கள். முதல் குழி ஒட்டுவாரொட்டிக்கு.

இரண்டாவது குழியில் அவர் முகம் வாடியது. “கண்ணக் கட்டினா போதுமா சாரே? சத்தம் கேக்குல்லா. பொத்து பொத்துன்னு. அது காது வழியா எறங்குது.” அடுத்த அடியில் அவரும் ஒரு பிடி மண்ணை அள்ளி வீசினார். குழி தாணுவுக்கு.

மூன்றாவதில் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் சபைப் பாடகர் குழுவில் தடித்த குரல். தாணு மட்டையை ஓங்கும்போதெல்லாம் ஒட்டுவாரொட்டியின் காதருகே நின்று ஒரு கீர்த்தனையை முழங்கினார். உழவுச் சத்தம் கேட்கவில்லை. குழி எங்களுக்கு. ஆனால் நான்காவதில் அந்தக் கீர்த்தனையே ஒட்டிக்கொண்டது. துக்க நாளில் பாடும் மெட்டு. ஒட்டுவாரொட்டி மட்டையை மெல்ல மெல்ல, கண் கலங்க, சவப்பெட்டியை இறக்குவதுபோல் இறக்கினார். குழி தாணுவுக்கு.

ஆளுக்கு இரண்டு. கடைசிக் குழி. வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஒட்டுவாரொட்டி எப்படியோ பந்தைச் சாணித் தரைக்குக் கொண்டுவந்துவிட்டார். குழிக்கு ஒரு பாய் நீளம்கூட இல்லை. உருட்டினால் விழுந்துவிடும். இருவரும் அதுவரை அடித்தது சம அளவு. தாணுவின் பந்தோ தூரத்தில் வாய்க்கால் கரையில், வரப்புக்கு அடியில் சொருகிக் கிடந்தது. தாணு அதன் முன்னால் நின்றார். காலையில் இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கண் கட்டிய நிலையில் நின்ற ஒட்டுவாரொட்டியைக் கூப்பிட்டார்.

“ஓய், இத எப்படியாக்கும் அடிக்கது?”

“சொல்லாதீரும்!” என்று சார் அலறினார். “வாய தெறந்தீருன்னா வயலு போச்சு!”

ஒட்டுவாரொட்டி துண்டை அவிழ்த்தார். தாணுவிடம் நடந்துபோனார். புல்விரிப்பைத் தன் கையாலேயே விரித்துப் பந்தை அதன்மேல் வைத்தார். தாணுவின் பின்னால் நின்று அவர் விரல்களை ஒவ்வொன்றாக மட்டையில் பொருத்தினார்.

“மம்பட்டிய மறந்திரும். பச்சப் பிள்ளைய எடுக்க மாதிரி பிடியும். இறுக்கண்டாம். தலைய தூக்காதீரும், பந்து எங்க போகுதுன்னு நான் பாத்துச் சொல்லுகேன்.”

தாணு வீசினார். இரும்பும் பந்தும் சந்திக்கும் அந்தச் சுத்தமான ஓசை அன்று முதல்முறையாகக் கேட்டது. பந்து வரப்பைத் தாண்டி, தென்னை உயரத்துக்கு எழும்பி, வெயிலில் ஒரு கணம் நின்று, சாணித் தரையில் இறங்கி, உருண்டு, டின்னுக்குள் விழுந்து கணீரென்றது.

ஒட்டுவாரொட்டியின் முறை இன்னும் பாக்கி. போட்டால் சமன், ஆட்டம் தொடரும். அவர் குனிந்தார், மெல்ல உருட்டினார். பந்து நேராகப் போய் டின்னின் விளிம்பில் நின்றது. ஊதினால் விழுந்திருக்கும். விழவில்லை.

நான் முடிவைச் சொல்லும் முன்பே அவர் வரப்பில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்.

“ஒட்டிச்சுவேய்! ஒட்டிச்சு! இத்தன வருசமும் எல்லாவனும் எனக்கல்லா தந்தான்! இண்ணைக்கு எங்கிட்டருந்து ஒருத்தருக்குப் போயிருக்கு! பாத்தீரா சாரே, என்ன ஒரு அடி!”

“ஓய், வயலு போச்சு ஓய்!”

“போட்டும் சவம்!”

தாணு சொன்ன சொல் தவறாமல் வாழை வைத்தார். இன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் கன்று வைக்காமல் விட்டிருக்கிறார். ஒரு கோடியில் பாமாயில் டின். இப்போது எங்களுக்கு ஒரே ஒரு குழி, நேர் ஆட்டம். காலையில் முதல் ஆளாக வந்து நிற்பது தாணு.

கடைசிப் பந்தைப் பற்றி ஒட்டுவாரொட்டியிடம் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். “நீரா நிறுத்தினீரு?”

“நான் எதுக்கு நிறுத்தணும்? தாணுவுக்க ஆட்டம் எனக்கு ஒட்டினதாக்கும். எனக்கது அவருக்குப் போச்சு, அவருக்கது எனக்கு வந்துச்சு. பண்டமாற்று.”

அவருடைய கொள்கையை வைத்துப் பார்த்தால் இதை மறுக்க முடியாது. ஏற்கவும் முடியவில்லை. ஆகவே, அந்தப் பந்து தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா என்பது இந்தக் குறிப்பை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவலாகவே இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒட்டுவாரொட்டியிடமிருந்து போன் வந்தது. “எங்க கெடக்கீரு? தனியா அடிச்சா பந்து நேராத்தான் போகுது. அதுல என்னவேய் இருக்கு? சீக்கிரம் வாரும்.”

போகிறேன்.