வாந்திக்குக் காரணம் நான்

ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு, கடைசியில் குற்றவாளி நானேதான் என்று தெரிந்து தலைகுனிந்தவன் நான்.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் எனக்கு உத்தியோகம். (இடுப்பளவு இறங்கித் தோல் புரட்டுவதற்கு நான் வைத்த பெயர் உத்தியோகம்.) என் மனைவி ரத்தினத்துக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் குளோரோபாரம் கொடுத்து அறுத்தார்கள். வேலை முடிந்த கையோடு, குளிக்கக்கூட நிற்காமல் ரயிலேறி ஓடினேன்.

"மயக்கம் தெளியும்போது குமட்டும். வராம இருக்க ஊசி போட்டிருக்கோம். வாந்தி எடுத்தா தையல் பிரிஞ்சிடும், உசுருக்கே ஆபத்து" என்று வார்டு வாசலிலேயே சொன்னார் நர்ஸம்மா.

கட்டிலை ஒட்டி உட்கார்ந்தேன். ரத்தினம் கண் திறந்தாள். பாசத்தோடு குனிந்து நெற்றியைத் தடவினேன். ஓங்கரித்தாள். இன்னும் பாசத்தோடு குனிந்தேன். இன்னும் ஓங்கரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "இன்னாம்மா ஊசி போட்டீங்க? ஏழைன்னு கம்மியா போட்டீங்களா? ஜாஸ்தியா போடுங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா ஓடிவந்து, சோடா மருந்தைக் கரைத்து ஸ்பூனில் ஊட்டினார். நான் தலையைத் தாங்கிப் பிடித்தேன். குடித்த மருந்தும் வெளியே வந்தது. கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள்.

அருகில் குனிந்திருந்த நர்ஸம்மா மூக்கைச் சுருக்கினார். "நீங்க இன்னா வேலை செய்றீங்க?"

சொன்னேன்.

"மொதல்ல வெளிய போங்க!"

நான் போனதும் ஓங்கரிப்பு நின்றது. அரைமணியில் தூங்கிவிட்டாள். (குழியிலேயே கிடந்த என் மூக்குக்கு மல்லிகையும் ஒன்றுதான், மாட்டுத்தோலும் ஒன்றுதான்.)

மறுநாள் தேய்த்துக் குளித்துவிட்டு, வாசலில் நின்றபடியே கேட்டேன்: "பன்னெண்டு வருசமா ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க எட்டப் படுத்துப்பீங்க இல்ல" என்றாள்.

அங்கேயே நின்று அழுதேன்.

அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அவள்தான். சில வருஷம் கழித்துக் கட்டி திரும்ப வந்தது. கடைசி நாட்களில் எதைக் குடித்தாலும் குமட்டியது. வழக்கம்போல் நானே எழுந்து வெளியே போனேன்.

"எங்க போறீங்க? இந்த வாட்டி உங்களால இல்ல. உள்ள வாங்க" என்றாள். அவள் கண் மூடும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

இன்றும் வீட்டில் யாருக்காவது குமட்டினால், "மருந்து அப்புறம், மொதல்ல அப்பாவை வெளிய அனுப்பு" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் வாசலில் நிற்கிறேன். உள்ளே கூப்பிடத்தான் அவள் இல்லை.