குமரவேலை ரயில் ஏற்றிய பத்திராதிபருக்கு

மலாயா, ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம், ஐந்தாம் லயம்
11.3.1951

மகாகனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, பால்மரம் வெட்டும் தங்கராஜு பணிவுடன் எழுதிக்கொள்வது. அவசரகாலத்துக்காகத் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட கம்பி வேலிக்கு உள்ளே நாங்கள் மூவரும் சௌக்கியம். வேலிக்கு வெளியே தாங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ஐயா, நீங்கள் செய்தது அடுக்குமா? செண்பகம், அவள் புருஷன், குமரவேல் என்று மூன்று பேர் ஒரே வீட்டில் மனஸ்தாபமில்லாமல் குடித்தனம் நடத்துகிற தொடர்கதையை எட்டு மாதமாகப் போட்டுவிட்டு, ஆறு வாரத்துக்கு முன்னால் அந்தக் குமரவேலை 'ஊருக்காக விலகுகிறேன்' என்று பேசவைத்து, கெமாஸ் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டீர்களே. எங்கள் வீடும் அதே மாதிரிதான். மயிலம்மாள், அவளுக்குத் தாலி கட்டிய வீரமுத்து அண்ணன், ஏழு வருஷமாக நான். ஒளிவு மறைவு கிடையாது, என்னை வீட்டுக்குக் கூட்டி வந்ததே அண்ணன்தான். மற்றக் கதைகளில் எங்களைப் போல யாராவது வந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் விஷம் குடிக்கிறார்கள், இல்லாவிட்டால் சாமியாராகிறார்கள். உங்கள் கதையில்தான் மூன்று பேரும் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள், உப்புப் போதவில்லை என்று சண்டை போட்டார்கள், ஒருத்தரும் சாகவில்லை. அதைக் கேட்டு அண்ணன் அழுதேவிட்டார்.

கேட்டு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உரக்க வாசிப்பேன். குமரவேல் ரயிலேறிய வாரம் அதை அப்படியே வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து, அவசரகாலச் சட்டப்படி லயத்து வீடுகளில் யார் யார் என்று புதிதாகப் பதிகிறோம், குடும்பத்துக்கு உறவில்லாதவன் மார்ச் கடைசிக்குள் ஒண்டிக்கட்டை லயத்துக்குப் போய்விடணும் என்று சொல்லிவிட்டுப் போனார். மயிலம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நல்லவனாக இருந்தால் தானாகவே போய்விடுவான் என்று உங்கள் கதையும் சேர்ந்து சொன்னால் என் கதி என்னாவது? ஆகவே ரயில் பழுது என்று வாசித்தேன். அடுத்த வாரம் குமரவேலுக்குக் காய்ச்சல். அப்புறம் தண்டவாளத்தைக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்கள் பெயர்த்துவிட்டார்கள். இப்போது செண்பகத்துக்கு இடுப்பு சுளுக்கு, தண்ணீர் தூக்க அவனை விட்டால் ஆளில்லை. இனிமேல் சாக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை ஐயா. அடுத்த வாரம் முடிவு என்று போட்டிருக்கிறீர்கள். டிக்கெட் தொலைந்தது என்றாவது எழுதி அவனைத் திருப்பி அனுப்புங்கள். அவனுக்கு வேறு வீடு கிடையாது. எனக்கும் கிடையாது.

தங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் ஒரே கூரைக்குள் நீடூழி வாழ வேண்டும்,
தங்கராஜு.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டேன். மயிலம்மாள் கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து முழுவதையும் வாசித்துவிட்டாள். அடுத்த லயத்து விக்டோரியாவிடம் போன வருஷமே எழுத்துப் படித்தாளாம். "குமரவேலு ரயிலேறி ஆறு வாரம் ஆச்சுன்னு பத்திரிகையைப் பார்த்தே எனக்குத் தெரியும்லா. நீங்க வாசிக்கிறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு, அப்படியே வாசிங்க" என்றாள். கிராணியிடம் என்னை அண்ணனின் கூடப்பிறந்த தம்பி என்று போன மாதமே எழுதவைத்துவிட்டாளாம். ஆகையால் தாங்கள் இஷ்டம்போல் முடித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. செண்பகத்தின் இடுப்பு மட்டும் எக்காலத்திலும் குணமாகக் கூடாது என்பது வீரமுத்து அண்ணனின் அபிப்பிராயம்.