பாப்பாவுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டுப் போகும் ஆசாமி

ஆண்டர்சன்பேட்டை,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மனோகர் மாமாவுக்கு,

ராதிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், அவர், பாப்பா மூவரும் உடம்பளவில் சுகம். அத்தையின் மூட்டுவலி தேவலையா? பாப்பாவுக்கு நீங்கள் அனுப்பிய கவுன் வந்து வெகுநாள் ஆகியும் பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். இப்போதும் ஃபோனில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். கோலாரில் போலீஸ் வேலையில் இருக்கும் உங்களிடம் எழுத்தில் கொடுப்பதுதான் முறை.

மாமா, எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் வந்து போகிறான்! திங்கட்கிழமை காலை கண் விழித்துப் பார்க்கிறேன், தூங்குகிற பாப்பாவின் இடது கன்னத்தில் கருப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு. திருஷ்டி, மை, மிளகாய் சுற்றுவது எதுவும் நம் வீட்டில் கூடாது என்று நானும் அவரும் கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்தது உங்களுக்கே தெரியும். வீட்டில் மை டப்பா கூடக் கிடையாது. பூட்டு உடையவில்லை, பொருள் எதுவும் போகவில்லை. அழுந்தத் துடைத்தேன். மறுநாள் பார்த்தால் அதே கன்னம், அதே இடம், அதே வட்டம்!

எம்.எஸ்சி. உளவியலில், குற்றம் நடந்த விதத்தை வைத்தே குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று கணிப்பதை ஒரு பாடமாகப் படித்தேனே, அது இப்போதாவது உதவட்டும் என்று உட்கார்ந்தேன். எதையும் எடுக்காமல் அடையாளம் மட்டும் விட்டுப் போகிறவன் திருடன் இல்லை, அவனுக்கு இது ஒரு சடங்கு. நிதானக்காரன். இருட்டில் நடமாடிப் பழகியவன். பெண்களிடம் வாய் திறக்கப் பயந்து உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறவன். இதைப் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடம் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வினை. "அய்யோ, அப்டியே நம்ம சின்னசாமி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டார். தங்கச் சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் விடியுமுன் முதல் ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்து தெருவில் உலாத்துகிற பெரியவர் அவர். சத்தம் கேட்டு அவரே நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, இருட்டுல நடக்கறவன், பொம்பளைங்ககிட்ட பேச பயப்படறவன்னா இந்த லைன் வீடுங்கள்ல எந்த ஆம்பளய நீ உடுவே? பாதி பேரு சுரங்க ஷாஃப்ட்ல எறங்கனவன், மீதி பேரு விடியறதுக்குள்ள பெங்களூர் ட்ரெய்ன் புடிக்கறவன்!"

விடியுமுன் பெங்களூர் ட்ரெய்ன் பிடித்து வேலைக்குப் போகிறவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர் ஆயிற்றே மாமா! உடனே அவருக்கு ஃபோன் போட்டேன்.

"பாப்பாவுக்குப் பொட்டு வெக்கறது நீங்களா?"

"ராதிகா, டிராஃபிக்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்."

"ட்ரெய்ன்ல இன்னா டிராஃபிக்?"

"மை டப்பா என் பேக்லதான் இருக்குது. நீ திட்டுவியேன்னு சொல்லல. தூங்கறப்ப அவ மூஞ்சிய பாத்திருக்கியா நீ? அப்டியே உட்டுட்டு எப்டிம்மா வேலைக்குப் போறது?" என்கிறார்.

லேப்டாப் பையில் மை டப்பா! நான் இத்தனை நாள் யாரோடு குடித்தனம் பண்ணுகிறேன் மாமா? கம்ப்யூட்டர் படித்தவர், எனக்கு வாக்குக் கொடுத்தவர், பூனை மாதிரி வந்து வைத்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்று மையை மறைத்தவர் நாளை எதை மறைக்க மாட்டார்? சனிக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். நீங்கள் அவரை வரவழைத்து எதிரில் நிற்க வைத்து, உங்கள் முறைப்படி விசாரிக்க வேண்டும். அடிக்க மட்டும் வேண்டாம், அவருக்குத் தோள்பட்டை வலி இருக்கிறது.

அத்தைக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனம் நொந்த,
ராதிகா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பார்வதம்மா வந்தார். "இன்னா கண்ணு, இன்னா கன்னம்! ஊரு கண்ணு மொத்தமும் இது மேலதான்" என்று கொஞ்சிவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் பாப்பா பால் குடிக்க மாட்டேன் என்று வீறிட்டாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, எனக்குத் தெரியும். என் கண் பென்சிலால் அவள் உள்ளங்காலில் சின்னதாக ஒன்று வைத்தேன். குடித்துவிட்டாள் மாமா! சனிக்கிழமை நாங்கள் வரவில்லை. கன்னத்தில் வைத்தால் என் வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்றுதான் காலில் வைத்தேன். தயவுசெய்து நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.