ஈஸ்டர் திங்களில் ஓக் தரை காத்த வெண்டெல்

வாழ்க, புடாபெஸ்ட் மாநகரின் மூன்றாம் மாடிப் பெருவேந்தன், உப்புத்தாள் ஏந்திய தடக்கையன், முழங்காலிட்டே மூன்று வாரம் பொருத முதுகுவலி முதல்வன் வெண்டெல்! அவன் புகழ் பாட ஒருவரும் முன்வராததால், வேறு வழியின்றி வெண்டெலாகிய அடியேனே பாடுகிறேன்.

அறுபது ஆண்டு அழுக்கும், பழைய குடித்தனக்காரர் பூசிய செம்பழுப்புச் சாயமும் படிந்து, மிதித்த இடமெல்லாம் முனகிக் கிடந்தது எங்கள் கூடத்துத் தரை, மீன்முள் வரிசையில் ஓக் கட்டைகள் கோத்த தொல்தரை. வினைல் விரிப்பை அதன்மேல் ஒட்டிவிடலாம் என்றான் என் மனைவி பிரோஷ்காவின் அண்ணன் ஆம்ப்ருஷ். வெகுண்டெழுந்தான் வீரன்.

"ஈஸ்டர் திங்களன்று வந்து பார்! ஒரே ஒரு கறை கண்டாலும் உன் வினைலை என் கையாலேயே ஒட்டுவேன்!"

"டின்னுல வர்ற வார்னிஷை வாங்கி அடிச்சிடேன், தொல்லை விட்டது" என்றாள் பிரோஷ்கா. கேட்பானா? தூசிப்படலம் பகலவனை மறைக்க, தேய்ப்பு இயந்திரம் மதயானையெனப் பிளிற, கீழ்வீட்டார் துடைப்பக்கட்டையால் கூரையிடித்துப் போர்முரசு கொட்ட, தேய்த்தான், இழைத்தான், பெயர்ந்த கட்டைகளைப் பசையிட்டுப் பதித்தான். பழந்தரைக்குப் பழமெருகே தகுமென்று, எரிசாராயத்தில் கரைத்த அரக்கைப் பன்னிரு முறை பூசினான். தரை பொன்னெனச் சுடர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தோ! நாள் குறித்த மதியூகி ஒன்றை மறந்தான். ஈஸ்டர் திங்களன்றுதான் எம் ஊர் ஆண்கள் வீடுவீடாகப் போய், பெண்கள் பூப்போல் வாடாதிருக்க அவர்கள் தலையில் கொலோன் தெளித்து, பதிலுக்கு வண்ணம் தீட்டிய முட்டை பெறுவார்கள். கொலோனோ வாசனை ஏற்றிய எரிசாராயம். பட்ட இடத்தில் அரக்கு வெளுத்துவிடும்.

வந்தது ஆம்ப்ருஷ் தலைமையில் எழுவர் படை, ஆளுக்கொரு புட்டியுடன். வாசலிலேயே காலணிகளைப் பறிமுதல் செய்தான் வீரன். மனையாளின் பிடரிக்குக் கீழே கேக் தட்டைக் கேடயமாய்ப் பிடித்து, தோள்களில் துண்டு போர்த்தி, சிதறிய துளியனைத்தையும் சிறைப்பிடித்தான்.

"என்ன மச்சான், என் தங்கச்சிக்கு ஞானஸ்நானமா?"

"சிந்தாமத் தெளிடா! முட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

ஆம்ப்ருஷ் தவழ்ந்து தவழ்ந்து தேடினான். கறை இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று முனகிவிட்டுப் படையோடு இறங்கிப் போனான். வென்றான் வெண்டெல்! முழங்குக சங்கம்! இனி இம்மண்ணில் வினைலுக்கு இடமில்லை!

"ஏழு பேர் தெளிச்சாச்சு. கட்டினவன் மட்டும் தெளிக்கல. நான் வாடிப்போனா பரவாயில்லையா?" என்றாள் பிரோஷ்கா.

தன் கொலோன் புட்டியை எடுத்து மூடி திறந்து, வெற்றிக்களிப்பில் இரண்டடி பாய்ந்தான் மாவீரன். அவனே மெருகேற்றிய தரையில் அவன் காலுறை வழுக்கியது. வீழ்ந்தது புட்டி, அதன்பின் அவன். புட்டி உடையவில்லை, உள்ளிருந்த கொலோன் முழுவதும் கூடத்தின் நட்டநடுவே வழிந்து, துடைப்பதற்குள் சாப்பாட்டுத் தட்டளவு பால்வெள்ளைக் கறையாயிற்று.

மாடிப்படியில் ஆம்ப்ருஷின் குரல்: "தொப்பியை மறந்துட்டேன்!"

பிரோஷ்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சன்னலோரம் இருந்த பெரிய பூந்தொட்டியை இரு கையாலும் அணைத்துத் தூக்கி வந்து கறைமேல் வைத்தாள். "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றாள். ஆம்ப்ருஷ் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தத் தொட்டிக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.