இரும்புக் கேட்டு ஆகாத சாமி

தூத்துக்குடியில் அந்த வருஷம் பிள்ளைத் தலைக்கு ஏகக் கிராக்கி. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டின கல் நிற்கவில்லையாம். கடல் பலி கேட்கிறதாம். சாக்குப் பையோடு ஒருவன் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைகிறானாம். யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் அது பொய்யாக இருக்க முடியுமா?

கடற்கரைச் சாலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்த கிருபை டீச்சருக்கும் பயம் இருந்தது. ஆனால் அவள் பயந்தது சாக்குப் பைக்காரனுக்கு அல்ல. பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு நாள் முழுக்கக் கல் லாரி ஓடியது. கேட்டில் தாழ்ப்பாள் இல்லை. வாச்சர் ஜேசுபாதத்தைத் தாளாளர் அடிக்கடி தன் சொந்த வேலைக்கு அனுப்பிவிடுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு லாரியைத் தெரியுமா, சாலையைத் தெரியுமா? எதிர்க்கடைக் கடலை மிட்டாயைத்தான் தெரியும்.

தாளாளர் செல்வதுரை உப்பு வியாபாரி. டீச்சர் அவரிடமே போய்க் கேட்டாள். கேட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், வாச்சர் வாசலைவிட்டு நகரக் கூடாது, தெரிந்த ஆள் வந்தால்தான் பிள்ளையை வெளியே விட வேண்டும்.

“தாழ்ப்பாள் எதுக்கு டீச்சர்? அதைவிடப் பெரிய ஏற்பாடே பண்ணியிருக்கேன். பாருங்க” என்றார் செல்வதுரை.

பெரிய ஏற்பாடு மறுநாள் குதிரை வண்டியில் வந்து இறங்கியது. கழுத்தில் சங்கு மாலை, நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் பச்சைப் பட்டு. பெயர் மந்திரமூர்த்தி. கடல்கட்டிப் பரம்பரையாம். முத்துக்குளிக்கிற காலத்தில் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிற ஆளைக் கடல்கட்டி என்பார்கள். அவர் கட்டினால்தான் குளிகாரன் தண்ணீரில் இறங்குவான். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகிவிட்டது. சுறாக்கள் கட்டில்லாமல் சுகமாகத் திரிந்தன. சாமியோ வேலையில்லாமல் கரையேறி, பள்ளிக்கூடத்தைக் கட்ட வந்துவிட்டார்.

கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். மாதா கோவிலுக்குப் போகிறவர்கள், அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு முன்வரிசையில் உட்காருகிறவர்கள், எல்லோரும் வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஊரில் மதச் சண்டை கிடையாது.

சாமி வாசலின் இரண்டு தூணுக்கும் இடையே சிவப்பு நூலைக் கட்டினார். நடுவில் ஒரு சங்கைத் தொங்கவிட்டார்.

“கெட்ட நெனப்போட எவன் இந்த நூலுக்குக் கீழ வந்தாலும் சுறாவுக்குக் கட்டுன மாதிரி வாயும் காலும் கட்டிப்போவும்! ஆனா ரெண்டு விஷயம். வாசல்ல இரும்பு ஆகாது, மந்திரக் கட்டை அறுத்துப்போடும். காவலுக்கு ஆள் நிக்கக் கூடாது. நின்னா, நம்மள நம்பலையான்னு கட்டுக்குக் கோவம் வந்துரும்.”

சொல்லி முடிக்கவில்லை, சாக்குப் பையோடு ஒருவன் நூலைத் தாண்டி உள்ளே வந்தான். வந்த வேகத்தில் தடாலென்று விழுந்தான். பல் கிட்டித்தது. கால் மரக்கட்டையானது. பெண்கள் அலறினார்கள். சாமி தண்ணீர் தெளித்ததும் எழுந்து, “பிள்ளை பிடிக்க வந்தேன், மன்னிச்சிருங்க” என்று அழுதான். போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. சாமியே பெரிய மனதோடு அவனை மன்னித்து அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே கேட்டைக் கழற்றினார்கள். வாச்சர் ஜேசுபாதத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் வாயைத் திறந்துகொண்டு லாரியைப் பார்த்தபடி நின்றது.

டீச்சர் பயந்தது நாலாம் நாள் நடந்தது. மீன்காரி பிலோமினாவின் மகள் அல்போன்சா, ஒன்றாம் வகுப்பு, நூலுக்குக் கீழே குனியக்கூட அவசியமில்லாமல் நடந்து சாலைக்குப் போய்விட்டாள். கல் லாரி அலறிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் ஒரு முழம் இருந்திருந்தால் பெரிது. டீச்சர் ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளை மிட்டாய்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா! கட்டு இல்லைன்னா பிள்ளை போயிருக்கும்” என்றார் சாமி.

“ஆமா சாமி, ஆமா” என்று பிலோமினாவே கையெடுத்துக் கும்பிட்டாள். லாரிக்காரன் பிரேக்கை மிதித்ததை ஒருத்தரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டை இன்னும் இறுக்க வேண்டும் என்றார் சாமி. அதற்குத் தங்கம் வைத்துப் பூசை செய்ய வேண்டுமாம். பூசை முடிந்ததும் தங்கம் திரும்பக் கிடைக்குமாம். பெண்கள் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். பிலோமினா காதில் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டாள். டீச்சர் அவளைத் தனியே அழைத்தாள். “நூல் லாரியை நிறுத்துமா பிலோமினா?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“நீங்க படிச்சவங்க டீச்சர். எங்களுக்கு ஒத்தப் பிள்ளை” என்றாள் பிலோமினா.

பூசை நாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சாப்பாட்டுப் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே பெட்டி, பெட்டியில் கைப்பிடி அளவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. டீச்சர் எழுந்தாள்.

“சாமி, ஒரு சந்தேகம். வாசல்ல இரும்பு ஆகாதுன்னு கேட்டைக் கழட்டச் சொன்னீங்க. இந்தப் பூட்டு என்ன மெழுகா?”

கூட்டம் சிரித்தது. சாமிக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

“கட்டுக்குள்ள எந்தத் திருடனும் வர முடியாதுன்னு சொல்லுதீங்க. எங்க பிள்ளைகளே பூட்டில்லாம இருக்கு. பெட்டியும் அப்படியே இருக்கட்டுமே. காவலும் வேண்டாம். எல்லாரும் பின்னால போய்ச் சாப்பிட்டுட்டு வருவோம்.”

சாமி இருமினார். ஆனால் அவரைக் காட்டிலும் கூட்டத்துக்கு அவர் மேல் நம்பிக்கை அதிகம். “ஏளா, சரியாத்தான சொல்லுதாங்க! டீச்சரம்மா கண்ணால பாக்கட்டும்! சாமி சக்தி தெரியட்டும்!” என்று கத்தியவள் ஆறுமுகத்தாய், சாமியின் முதல் பக்தை. பூட்டு கழன்றது. பெட்டி பூவரச மரத்தடியில் தனியாக உட்கார்ந்தது. சாமி கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

கூட்டம் பந்திக்குப் போனது. டீச்சர் பிலோமினாவையும் நாலு பெண்களையும் வகுப்புக்குள் இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“காவல் நிக்கக் கூடாதே டீச்சர்?” என்றாள் பிலோமினா.

“நிக்கல. உக்காந்துதான இருக்கோம்.”

கொஞ்ச நேரத்தில் ஒருவன் நூலுக்குக் கீழே வந்தான். வாய் கட்டவில்லை, பீடி புகைந்தது. கால் கட்டவில்லை, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஜோராக நடந்தான்.

“ஏலே! என் கம்மலு!” என்று பாய்ந்தாள் பிலோமினா.

மீன்காரப் பெண்கள் பிடித்தால் சுறாவும் அசையாது. அவன் என்ன அசைவான்! தலையைப் பிடித்து நிமிர்த்தினால், அன்றைக்குப் பல் கிட்டித்து விழுந்தானே, அதே ஆள்.

“அடிக்காதீங்கக்கா! சாமிதான் எடுத்துட்டு ரயில் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாரு!”

சத்தம் கேட்டுக் கூட்டம் பந்தியை விட்டு ஓடிவந்தது. தெருமுனையில் குதிரை வண்டி ஏறப்போன சாமியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். சாமி லேசில் விடுகிற ஆளா?

“இவன் என் சிஷ்யன்! பெட்டியைப் பத்திரப்படுத்த வந்தான். மனசுல கெட்ட நெனப்பு இல்ல. அதான் கட்டு இவனைக் கட்டல!”

கூட்டத்தில் பாதித் தலை ஆடத் தொடங்கியது.

“சரி சாமி. இன்னைக்கு நல்லவன், கட்டல. அன்னைக்குக் கட்டுச்சே, உங்க சிஷ்யன் அன்னைக்குப் பிள்ளை பிடிக்க வந்தானா?” என்று கேட்டாள் டீச்சர்.

சாமி வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கட்டு ஒருவழியாக ஒரு வாயையாவது கட்டிவிட்டது.

போலீஸ் வந்து இருவரையும் அழைத்துப் போனது. பிலோமினா காதுக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்மலைப் போட்டுக்கொண்டாள். போட்டதும் மகளைத் தூக்கி அணைத்து ஓவென்று அழுதாள். “லாரிக்குப் பலி கொடுக்கப் பாத்தேனே டீச்சர்!”

“கேட்டு எங்க?” என்றாள் டீச்சர்.

யாருக்கும் தெரியவில்லை. செல்வதுரைக்குத் தெரியும். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கேட்டு அவர் உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி வாசலில் புது வர்ணத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“சும்மா கிடக்கேன்னு மாட்டுனேன் டீச்சர். சாமியை நம்புனது ஒரு குத்தமா?”

“நீங்க எங்க அண்ணாச்சி நம்புனீங்க? நம்பியிருந்தா கிட்டங்கிக்கும் நூலுதான கட்டியிருப்பீங்க!”

பெண்கள் அவர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கிட்டங்கிக்குப் போய்க் கேட்டைக் கழற்றித் தூக்கிவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் தாழ்ப்பாளோடு மாட்டியாயிற்று. ஜேசுபாதம் பழையபடி வாசலுக்கு வந்தார். டீச்சருக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைப்பதற்குள் ஆறுமுகத்தாய் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சர், இவன் கள்ளச் சாமி. கயத்தாத்துல ஒருத்தரு இருக்காராம். அவரு நெசமான சாமியாம். கூட்டிட்டு வருவமா?”

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெரியாத ஆள் வந்து கேட்டா பிள்ளையைக் கொடுப்பியா ஆறுமுகத்தாய்?”

“ஐயோ, மாட்டேன் டீச்சர்!”

“பின்ன மூளையை மட்டும் ஏன் கேக்கிறவன் கையில எல்லாம் எடுத்துக் கொடுக்க?”